கொட்டாஞ்சேனையில் ஒரு கப்பல் அறை

எனக்குச் சந்தேகக் குணம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சந்தேகம் வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். வெள்ளவத்தைச் சந்தையில் தக்காளி மலிவாகக் கிடைத்தால் நான் கூடையின் அடியைக் கிளறிப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் அன்பாகக் கதைத்தால் அன்று முழுவதும் எனக்கு நிம்மதி இருக்காது. கனடாவில் இருக்கும் என் தங்கை இதைச் சொல்லியே சிரிப்பாள்.

"அண்ணாக்கு முன்னால தேத்தண்ணி வச்சால் குடிக்கமாட்டார். ஏன் வச்சனீங்கள் எண்டுதான் முதல்ல கேப்பார்."

அவள் சொல்வது பொய்யில்லை. அவளிடம் போயிருந்தபோது என்னை ஓர் உல்லாசக் கப்பலில் கூட்டிக்கொண்டு போனாள். முதல் நாள் காலையிலேயே அது நடந்தது. அறைக்குத் தேநீர் கொண்டுவரச் சொல்லித் தொலைபேசியில் சொன்னோம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு பணியாளர் தட்டோடு வந்தார். மேசையில் வைத்தார், ஒரு காகிதத் துண்டில் கையெழுத்து வாங்கினார், காலை வணக்கம் சொன்னார், போய்விட்டார். நான் கையில் ஒரு நோட்டை மடித்து வைத்துக்கொண்டு நின்றேன். கொடுக்க ஆள் இல்லை.

காசு கேட்காமல் போகிறவன் காசை ஏற்கெனவே எடுத்துவிட்டான் என்பது என் அனுபவம். விசாரித்தால் அப்படித்தான் இருந்தது. ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று ஒரு தொகையை எங்கள் கணக்கில் நாளுக்கு நாள் தாங்களே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் நேரே வரவேற்பு மேசைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். நாங்கள் கொடுப்பதைக் கையில் கொடுப்பவர்கள், கணக்கில் ஏற்ற நீங்கள் யார் என்று கேட்டேன். தங்கை என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நின்றாள். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் சிரித்த முகம் மாறாமல் விளங்கப்படுத்தினாள். அந்தத் தொகை அறை துடைப்பவர், தட்டுத் தூக்குபவர் எல்லோருக்கும் பிரிந்து போகுமாம். அறைக்குச் சாப்பாடு கொண்டுவருபவருக்கு விருப்பம் இருந்தால் கையில் கொஞ்சம் கொடுக்கலாமாம், கொடுக்காவிட்டாலும் குறையில்லையாம்.

அடுத்த நாள் அந்தப் பணியாளரைக் கதவடியில் மறித்து நோட்டை உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய கண் என் முகத்தை விட்டு அசையவில்லை, விரல்கள் மட்டும் மூடிக்கொண்டன. நன்றி சொன்னார், நின்று பார்க்காமல் போனார். கதவை மூடிவிட்டு, நடைவழியில் வைத்து எண்ணிப் பார்க்கிறாரா என்று கதவுத் துளையால் பார்த்தேன். எண்ணவில்லை. கொடுப்பவர் காட்டக்கூடாது, வாங்குபவர் பார்க்கக்கூடாது, இரண்டு பேரும் காத்து நிற்கக்கூடாது. கப்பலில் அதுதான் முறை என்று ஒரு கிழமையில் எனக்குப் பிடிபட்டது.

இந்த அறிவு எனக்கு உதவும் என்று நான் நினைத்ததே இல்லை.

நாட்டில் எல்லோரும் எங்காவது போய்விட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்த காலம் அது. இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. காலி வீதியில் போன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருநாள் என் போனுக்குக் கண்ணாடி மாற்றிக்கொண்டே சொன்னார்.

"சேர், உங்களுக்கு இங்கிலிஷ் நல்லா வரும்தானே. கொட்டாஞ்சேனையில ஒரு இடத்தில வயசான ஆள் ஒருத்தர தேடுறாங்க. சம்பளமும் தருவாங்களாம்."

"என்ன வேலை?"

"கட்டில்ல படுத்திருக்கிறது."

என் சந்தேகம் அந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மனைவி இறந்து போன பிறகு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பது எனக்கு அலுத்துப் போயிருந்தது. என்னதான் என்று பார்ப்போமே என்று பஸ் ஏறினேன்.

அது கொச்சிக்கடைப் பக்கமாகத் திரும்பும் ஒரு தெருவில், இரும்புக் கடைக்கு மேல்மாடி. கப்பலில் வேலைக்குப் போக விரும்புகிறவர்களுக்கான பயிற்சி நிலையம். ஒரு பெரிய அறையை ஹார்ட்போட் பலகையால் மறித்து, ஒரு பாதியைக் கப்பல் அறையாகச் செய்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு சின்ன மேசை, சுவரில் வட்டமாக வெட்டி ஒட்டிய கடல் படம். அதுதான் ஜன்னலாம். மாடிப்படி ஜன்னலால் எட்டிப் பார்த்தால் உண்மையான துறைமுகமும் உண்மையான கப்பல்களும் தெரிந்தன. அந்த ஜன்னலைப் பலகையால் பாதி மறைத்திருந்தார்கள்.

அதன் முதலாளிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பொன்நிறப் பட்டி வைத்த வெள்ளைச் சட்டை. பல வருடம் கப்பலில் அறைப் பணியாளர்களுக்குத் தலைவராக இருந்தவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"அங்கிள், நீங்க ஒண்டும் செய்யத் தேவையில்ல. நீங்கதான் பெசெஞ்சர். படுத்திருந்து போன்ல ஓடர் பண்ணுங்கோ. பிள்ளைகள் ட்ரேயோட வருவாங்க. இங்கிலிஷ்ல கதையுங்கோ, கொஞ்சம் ஏசுங்கோ, கடைசியில டிப்ஸ் குடுங்கோ. அவ்வளவுதான்."

ஏசுவதற்குச் சம்பளம் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் நான் ஏன் மறுக்கவேண்டும்?

டிப்ஸ் கொடுத்துப் பழக ஒரேயொரு டொலர் நோட்டு இருந்தது. ஒவ்வொருவராகத் தட்டோடு வருவார்கள், நான் அதை உள்ளங்கையில் வைப்பேன், அவர்கள் வெளியே போய் அடுத்த ஆளின் மூலம் அதை எனக்குத் திருப்பி அனுப்புவார்கள். பயிற்சி முடிந்ததும் முதலாளி அதை வாங்கிப் பேர்ஸில் வைத்துக்கொள்வார். கைபட்டுக் கைபட்டு அது பழைய சேலைத் துண்டு மாதிரி மெதுமையாகிவிட்டிருந்தது. முதல் நாளே விரலால் தடவிப் பார்த்துவிட்டேன், நல்ல நோட்டுத்தான். அந்த மாடியில் கள்ளமில்லாமல் இருந்தது அது ஒன்றுதான் என்று பிறகு தெரிந்தது.

பயிற்சிக்கு வந்தவர்களில் ஒரு பெண் என் கண்ணில் பட்டாள். ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவள், முப்பது வயது இருக்கும். வெள்ளவத்தையில் ஒரு சேலைக் கடையில் வேலை, பாமன்கடையில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தாள். தட்டைத் தூக்கினால் தேநீர் அசையாது. நான் எவ்வளவு ஏசினாலும் "சொரி சேர்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் பயிற்சி முடிந்து போகும்போது முதலாளியிடம் ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"சேர், என் பாஸ்போட் எப்ப வருங்க?"

"விசாவுக்குத் தூதரகத்தில குடுத்திருக்கு தங்கச்சி. அவசரப்பட்டா வேல கெட்டுடும்."

பத்தரமுல்லையில் விடியமுன் வரிசையில் நின்று எடுத்த கடவுச்சீட்டாம். பயிற்சியில் சேரும்போதே எல்லோரிடமும் அதை வாங்கி வைத்துவிட்டார் அந்த மனிதர். எழுத்தில் ஒரு துண்டும் கொடுக்கவில்லை. ஒருவருடைய கடவுச்சீட்டு இன்னொருவருடைய கையில் இருந்தால் அந்த ஆளே அவருடைய கையில் இருக்கிற மாதிரித்தான். எனக்கு அதைக் கேட்டதிலிருந்து படுக்கை கொள்ளவில்லை, அந்தப் போலிக் கட்டிலில் கூட.

ஒருநாள் என் சம்பள உறையை எடுக்க அவர் மேசை லாச்சியை இழுத்துத் திறந்தார். உள்ளே இறப்பர் பட்டி போட்ட கடவுச்சீட்டுக் கட்டு ஒன்று கிடந்தது. நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. தூதரகத்தில் இருக்கவேண்டியவை லாச்சிக்குள் என்ன செய்கின்றன? நான் உறையை வாங்கிக்கொண்டு "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து யோசித்தேன். பயிற்சி மெய்யாகவும் இருக்கலாம், விசா பிந்தியிருக்கலாம். இந்த மனிதர் கப்பலில் இருந்தவர்தானா என்பதை முதலில் பார்க்கவேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அடுத்த வகுப்பில், பிள்ளைகள் செய்வது சரியில்லை, நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள் என்று அவரிடம் கேட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. வெளியே போய்க் கதவைத் தட்டிக்கொண்டு வந்தார். தட்டைத் தூக்கிய விதத்தில் குறை சொல்ல முடியாது. பழகிய கை. தேநீரை வைத்தார், நான் கையெழுத்துப் போட்டேன், துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேண்டுமென்றே சும்மா இருந்தேன். டிப்ஸ் கொடுக்கவில்லை.

கப்பல்காரராக இருந்தால் அந்த நேரம் வணக்கம் சொல்லிப் போயிருப்பார். இவர் போகவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். சுத்தமான மேசை. ஒருமுறை துடைத்தார், தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்து அந்த இடத்தையும் துடைத்தார், பிறகு முதலில் துடைத்த இடத்துக்கே திரும்பி வந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு உடனே வெள்ளவத்தைச் சாப்பாட்டுக் கடைகள் எல்லாம் கண்முன்னே வந்தன. மிச்சச் சில்லறையைச் சோம்புத் தட்டில் வைத்துவிட்டு, நாங்கள் எழும்பும்வரை துடைத்த மேசையையே துடைத்துக்கொண்டு நிற்பார்களே, அதே கை, அதே சுற்று. தோசைத் தட்டுகளை முழங்கைவரை அடுக்கித் தூக்கிய கை அது.

நான் டொலரை நீட்டினேன். கண் கீழே இறங்கவில்லை, விரல்கள் தானாக மூடின. அதை மட்டும் எந்தக் கப்பலிலும் குறை சொல்லமாட்டார்கள்.

சாப்பாட்டுக் கடையில் பரிமாறுவதில் என்ன குறை? எத்தனையோ நல்ல மனிதர்களின் கையால் நான் சாப்பிட்டிருக்கிறேன். கடலையே காணாதவர் கப்பலுக்கு ஆள் அனுப்புகிறேன் என்று கடவுச்சீட்டை வாங்கி வைத்திருப்பதுதான் என்னைக் கொதிக்க வைத்தது.

அன்று அந்தப் பெண் இறங்கிப் போனபோது நானும் பின்னால் போனேன். கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போகிறவர்களும் துறைமுகத்திலிருந்து வருகிறவர்களும் நெருக்கியடிக்கும் பஸ் தரிப்பில் அவளைப் பிடித்தேன்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேட்டுப் பயப்பிடக்கூடாது. அந்தாள் கப்பல்ல இருந்தவரில்லை. உங்கட பாஸ்போட் தூதரகத்துக்குப் போகவும் இல்லை. லாச்சிக்குள்ள கிடக்குது, நான் கண்டனான்."

அவள் திடுக்கிடுவாள், அழுவாள் என்று நினைத்தேன். அவள் தெருவைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"தெரியுங்க சேர். வந்த மொத கெழமையே தெரியும்."

"எப்பிடி?"

"மாடிப்படி ஜன்னல்ல அவ்வளவு பெரிய கப்பல் வந்து நிக்குது. நாங்கல்லாம் ஓடிப் போய்ப் பாக்குறோம். அவரு ஒரு நாளும் திரும்பிக் கூடப் பாக்கல. அத்தன வருசம் கப்பல்ல இருந்த ஆளு பாக்காம இருப்பாருங்களா?"

"தெரிஞ்சும் ஏன் வாறீங்கள்?"

"பாஸ்போட் அவருகிட்ட இருக்கே. நான் வரலன்னா அவருக்கு சந்தேகம் வந்துரும். போலிசுக்குப் போனா எரிச்சிப் போட்டுட்டு, நான் வாங்கவே இல்லன்னு சொல்லுவாரு. எங்க அக்கா கட்டார்ல ஒரு ஹோட்டல்ல எனக்கு வேலை பாத்து வச்சிருக்கா. உண்மையான வேலை. மாசம் முடியிறதுக்குள்ள பாஸ்போட் வேணும். புதுசா எடுக்க நேரமில்லீங்க."

நான் உதவி செய்கிறேன் என்றேன். அப்போது அவள் முதன்முறையாக என்னை நேரே பார்த்தாள். அந்தக் கப்பல் அறையில் நான் ஏசும்போது பார்க்கும் அதே பார்வை.

"கோவிச்சுக்காதீங்க சேர். உங்களயும் நான் சந்தேகப்பட்டேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு. பேங்க்ல இருந்த பெரியவர் ஒருத்தர் வந்து இங்கிலிஷ் பேசுறாருன்னு காட்டித்தான் அவரு எங்ககிட்ட காசு வாங்கினாரு. நீங்க இல்லன்னா நான் சேந்திருக்கவே மாட்டேன்."

எனக்கு முகம் சுட்டது. வாழ்நாள் முழுவதும் ஊரையே சந்தேகப்பட்ட நான், எனக்குச் சம்பளம் ஏன் தருகிறார்கள் என்பதை மட்டும் ஒழுங்காகச் சந்தேகப்படவில்லை. கட்டிலில் படுப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள்? காட்சிக்கு வைத்த பொம்மைக்குக் கொடுத்த வாடகை அது. கோபம் யார்மேல் என்றே தெரியாமல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் எனக்கு வழி தோன்றியது.

"அந்தாளுக்கு அடுத்த வகுப்புக்கு ஆள் பிடிக்கவேணும். பேஸ்புக்கில போட ஒரு படம் வேணும். எல்லாரும் பாஸ்போட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டால் நல்லா இருக்கும் எண்டு நான் சொல்லுறன். லாச்சியால வெளியில வரும். பிறகு?"

அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

"நீங்க போட்டோவ மட்டும் சொல்லுங்க சேர். மத்தத நான் பாத்துக்கிறேன். வேற யாருகிட்டயும் வாய் தொறக்காதீங்க."

என்ன செய்யப் போகிறாள் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டும் சொல்லவில்லை.

முதலாளிக்கு என் யோசனை மிகவும் பிடித்துப்போனது. தூதரகத்திலிருந்து அவை எப்போது வரும் என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன்.

"நாளைக்கே எடுத்திடலாம் அங்கிள். எனக்கு அங்க ஆள் இருக்கு. நீங்க டை கட்டிக்கொண்டு வாங்கோ, நடுவில நீங்கதான்."

எந்தத் தூதரகமும் அவ்வளவு வேகமாக வேலை செய்ததை நான் கேள்விப்பட்டதில்லை.

படம் எடுக்கும் நாளில் முதலில் வழக்கம்போலப் பயிற்சி நடந்தது. கடைசியாகத் தட்டோடு வந்தவள் அவள். நான் டொலரை அவளுடைய கையில் வைத்தேன். அவளுக்குப் பிறகு ஆள் இல்லாததால் அது அவளிடமே தங்கிவிட்டது. படம் எடுக்கும் அவசரத்தில் முதலாளியும் அதைக் கேட்டு வாங்க மறந்துவிட்டார். பிறகு எல்லோரும் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக நின்றார்கள். முதலாளி லாச்சியைத் திறந்து பெயர் வாசித்துக் கடவுச்சீட்டுகளைக் கொடுத்தார். நான் நடுவில் டையோடு கதிரையில் இருந்தேன். என் கழுத்தை அது இறுக்கியது. இன்றைக்கு இவளுடைய திட்டம் பிழைத்துப்போனால் அக்கா பார்த்து வைத்த வேலையும் போய்விடும், இந்த மனிதருக்கும் உசார் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

படம் எடுத்து முடித்ததும் முதலாளி நேரே போய்க் கதவடியில் நின்றுகொண்டார். அந்த மனிதரும் சந்தேகம் தெரிந்தவர்தான்.

"பாஸ்போட்டெல்லாம் இங்க தாங்கோ. கம்பனிக்கு அனுப்பவேணும். தந்திட்டு வெளியில போங்கோ."

கையை நீட்டினார், உள்ளங்கை மேலே பார்த்தபடி. அவள்தான் முதலில் போனாள். இடது கையில் கைப்பை, வலது கை மூடியிருந்தது, கடவுச்சீட்டைக் கையில் காணவில்லை. நடையில் அவசரமே இல்லை. தட்டோடு வருவது போலவே போய் அவருக்கு முன்னால் நின்றாள். அவருடைய முகத்தை நேரே பார்த்து, அவர் சொல்லிக்கொடுத்த அதே புன்னகையோடு, சொல்லிக்கொடுத்த அதே இங்கிலிஷில் சொன்னாள்.

"தேங்க் யூ சோ மச் சேர். ஹேவ் எ பிளெசன்ட் டே."

சொல்லிக்கொண்டே அந்தக் கையில் எதையோ வைத்தாள். எனக்குத் தெரியும் என்னவென்று. கைபட்டு மெதுமையாகிப்போன டொலர் நோட்டு, நாலாக மடித்தது. அவருடைய கண் அவளுடைய முகத்தை விட்டு இறங்கவில்லை. விரல்கள் தானாக மூடின. உடம்பு கொஞ்சம் குனிந்து, கால் ஒரு பக்கம் ஒதுங்கி வழிகூட விட்டது. எத்தனை வருடப் பழக்கமோ, அவரை மீறி வந்துவிட்டது. அவள் அந்த இடைவெளியால் வெளியே போனாள்.

அவர் கையைத் திறந்து பார்த்தபோது அவளுடைய செருப்புச் சத்தம் மாடிப்படியின் அடியில் கேட்டது. அவர் அந்த டொலரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வரிசையில் நின்ற மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒருவர் தன் கடவுச்சீட்டை மெதுவாகக் காற்சட்டைப் பைக்குள் செருகினார். அதைப் பார்த்து அடுத்தவரும் செருகினார். நான் எழுந்து டையைக் கழற்றினேன்.

"அங்கிள், என்ன இது?" என்றார் அவர்.

"அது உங்கட டிப்ஸ்" என்றேன்.

என் சம்பள உறைக்காக நான் காத்து நிற்கவில்லை.

அவள் பஸ் தரிப்பில் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். எனக்குச் சந்தோஷத்தில் என்ன கதைப்பது என்றே தெரியவில்லை. கட்டாரில் எந்த ஹோட்டல், எப்போது பயணம், அக்காவின் பெயர் என்ன என்று அடுக்கிக் கேட்டேன்.

"ரொம்ப நன்றி சேர். நான் கடைக்குத்தான் போறேன். நீங்க மொதல்ல ஏறுங்க."

கடை வெள்ளவத்தையில் இருந்தது. என் பஸ்ஸும் அங்கேதான் போனது. அவளும் ஏறுவாள் என்று நினைத்து நான் ஏறி ஜன்னலடியில் இருந்தேன், பக்கத்து இடத்தைப் பிடித்தும் வைத்தேன். பஸ் நகர்ந்த பிறகு திரும்பிப் பார்த்தேன். அவள் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தாள். நான் எந்தப் பக்கம் போகிறேன் என்பதை உறுதியாகப் பார்த்த பிறகே ஏறியிருக்கிறாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. இந்தப் பெண் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வாள் என்று மனம் ஆறிப்போனது. பிடித்து வைத்திருந்த இடத்தில் வேறு யாரோ வந்து இருந்தார். நான் என் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.